முனி பாதையைச் சுத்தி வந்த தண்ணி

புஷ்பம் குழாயைத் திறந்தா. புஸ்ஸுன்னு கொஞ்சம் காத்து வந்திச்சு. அப்புறம் அதுவும் நின்னு போச்சு.

புது வீடு. சிமெந்து வாசம் இன்னும் போகல. சமையல்கட்டுச் சுவருக்கு அவளே மஞ்சள் பெயின்ட் அடிச்சிருந்தா, கை எட்டுன உயரம் வரைக்கும். ஒரு பச்சை பேசினைக் குழாய்க்குக் கீழ வச்சிக்கிட்டு முன்னால குந்தியிருந்தா. ஒரு சொட்டாவது விழும்னு பார்த்தா. விழல. காதைக் கொண்டுபோய்க் குழாய்ல வச்சா.

"உள்ள என்னமோ பேசுது மேரி."

"பேசுனது போதும், வெளிய வரச் சொல்லு."

அவ சிரிக்கல. நான் சும்மா தும்மினாலே சிரிக்கிறவ அவ. அன்னைக்குச் சிரிக்காம பேசினைக் கவுத்து வச்சிட்டு எழுந்திரிச்சிட்டா.

அவ மக சுதாவுக்கு அப்ப நிறைமாசம். கட்டிக்குடுத்தது நோட்டன் பிரிட்ஜுக்கு. தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான்னு எங்க பக்கத்துல வழக்கம். தாய் இருக்கா. வீடும் வந்திருச்சு. தண்ணிதான் இல்ல.

பீலியும் மேடும்

புஷ்பம் யாருன்னு சொல்லாமலே போறேன் பாருங்க. நானும் அவளும் ஒரே பெஞ்சுல படிச்சவங்க. சாதாரண தரப் பரீட்சை எழுதிட்டு அவ ராகலைக்கு மேல எங்க தேயிலைத் தோட்டத்துலயே கொழுந்து பறிக்கப் போயிட்டா. நான் தையல் பழகி, ராகலை டவுன்ல ஒரு கடை போட்டு உக்காந்துட்டேன். வாரத்துல ஒரு நாளாவது மேல ஏறிப்போய் அவ கையால ஒரு பிளேன்டீ குடிக்கலன்னா எனக்குத் தூக்கம் வராது.

பெரிய மழை பேஞ்ச வருசம் அவ இருந்த லயத்துக்கு, ஒரே கூரையில ஒட்டிக் கட்டுன தோட்டத்து வீடுகளுக்கு, பின்னால மண்ணு வெடிச்சிச்சு. இனி இங்க இருக்கக் கூடாதுன்னு ஆபீஸ்காரங்க வந்து சொல்லிட்டாங்க. அந்த லயத்துக் குடும்பங்கள் எல்லாம் சட்டி பானையைத் தூக்கிக்கிட்டு பிள்ளைக்காம்பராவுக்குப் போனாங்க. கொழுந்து பறிக்கப் போற தாய்மாருங்க பச்சப்புள்ளைகளை விட்டுட்டுப் போற கட்டடம் அது. ஒரே நீள ஹோல், தனி அறை கிடையாது. நடுவுல சேலையைக் கட்டித் தடுத்துக்கிட்டு, அந்தப் பக்கம் ஒரு குடும்பம் இருமினா இந்தப் பக்கம் ஒரு குடும்பம் எழுந்திரிக்கும்.

அப்படி இருந்தவங்களுக்கு எதிர் மேட்டுல வீடு கட்டிக் குடுத்தாங்க. நல்ல வீடு, குறை சொல்ல மாட்டேன். ஆனா தண்ணி பழைய பீலியிலேருந்துதான் வரணும். பாறைக்குள்ளேருந்து ஊத்துத் தண்ணி கொட்டுற எடத்தை நாங்க பீலின்னு சொல்லுவோம். குளிச்சது, தொவைச்சது, சண்டை போட்டது, கல்யாணம் பேசுனது எல்லாம் அங்கதான். கோடையிலயும் வத்தாது. புது வீடுகள் மேட்டுல இருந்தாலும் பீலியைவிடத் தாழ்வுலதான் இருக்கு. ஒரு கறுத்த பைப்பை நேரா இழுத்தா வேலை முடிஞ்சிச்சு.

நேரா இழுக்க முடியாது. நடுவுல முனியாண்டி இருக்காரு.

முனி நடக்கிற வழி

கோயில்னு ஒண்ணும் இல்ல. ஒரு பெரிய மரம், அதுக்கடியில குங்குமம் பூசுன கல்லு, ரெண்டு சூலம். அந்தக் கல்லுக்கு முன்னாலேருந்து தேயிலைக்குள்ள ஒரு ஒத்தையடிப் பாதை எறங்கிப் போகும். அதுதான் அவரு வேட்டைக்குப் போற பாதை. அதுல யாரும் குறுக்கால கொடி கட்டித் துணி காயப் போட மாட்டாங்க. கொழுந்துக் கூடையை எறக்கி வைக்க மாட்டாங்க. வேலி போடவே மாட்டாங்க. அவரு வார வழியை மறிச்சா அந்த வீட்டுல நல்லது நடக்காதுன்னு ஒரு பயம்.

நான் வேதக்காரி. ஞாயித்துக்கிழமை மாதா கோயிலுக்குப் போறவ. இருந்தாலும் சின்ன வயசுலேருந்து அந்தப் பாதையில நின்னு பேசுனதில்ல. "ஒனக்கென்னடி பயம், ஒன் சாமி வேற"ன்னு புஷ்பம் கிண்டல் பண்ணுவா. "என் சாமி மன்னிச்சிருவாரு. ஒன் சாமியைப் பத்தித்தான் எனக்குத் தெரியாது"ன்னு நான் சொல்லுவேன்.

பூசாரி மாமா ஒரு வழி சொன்னாரு. "முன்னால குறுக்க போகக் கூடாது. பின்னால சுத்திக்கிட்டுப் போனா சாமி கோவிக்காது." பின்னால ஒரு பாறை மேடு. அது பீலியைவிடக் கொஞ்சம் ஒசரம். ஒரு ஆள் உயரம்கூட இருக்காது. பைப் பீலியிலேருந்து கிளம்பி, மேடேறி, முனிக்குப் பின்பக்கமா வளைஞ்சு, அப்புறம் பள்ளத்துல எறங்கி வீடுகளுக்கு வந்திச்சு. தண்ணி மட்டும் அந்த மேட்டுக்கிட்டயே நின்னுக்கிட்டு வரமாட்டேன்னு சொல்லிருச்சு.

பைப் வேலையைப் பார்க்க வந்த ஆபீசரை மாத்தயான்னுதான் கூப்பிடுவோம். சின்ன வயசுக்காரரு, நல்ல மனுசன். சிங்களத்துல சொன்னாரு: நேரா இழுக்கணும், இல்லாட்டி மோட்டர் வைக்கணும். மோட்டருக்கு மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கேன், எப்ப வரும்னு சொல்ல முடியாது. "அப்ப நேரா இழுத்துருங்களேன்"னு ஒரு பொடியன் கேட்டான். மாத்தயா முனியைத் திரும்பிப் பார்த்தாரு. "எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கு தம்பி"ன்னாரு.

எங்க தோட்டங்கள்ல கறுத்த பைப்புல தண்ணி நின்னா எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு வைத்தியம் இருக்கு. ஆணியைச் சுட வச்சு, பைப் மேடேறுற எடத்துல ஒரு ஓட்டை போடணும். அடைச்சிக்கிட்டிருந்த காத்து அது வழியா வெளிய போயிடும். தண்ணி வந்ததும் ஓட்டையில ஒரு ஈர்க்குக் குச்சியைச் சொருகி விட்டுரலாம். எத்தனையோ லயத்துக்கு அப்படித்தான் தண்ணி போகுது. இங்கயும் போட்டாங்க. வரல. இன்னொருத்தர் வந்து கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு போட்டாரு. ஆளாளுக்கு ஒரு ஓட்டை போட்டு அந்தப் பைப்பைப் புல்லாங்குழலாக்கினதுதான் மிச்சம்.

புஷ்பம் மட்டும் ஒத்தைக்கால்ல நின்னா. "நேரா வேணாம். புள்ளத்தாச்சிப் புள்ள வார நேரத்துல முனி வழியை நான் மறிக்க மாட்டேன். தண்ணி இல்லாட்டியும் பரவால்ல." பரவால்லன்னு வாய்தான் சொல்லிச்சு.

சம்மந்தியம்மா

நோட்டன் பிரிட்ஜ் சம்மந்தியம்மா போன் பண்ணுனப்போ நான் பக்கத்துலதான் இருந்தேன். சத்தம் வெளியில கேக்கும் அந்தப் போன்ல.

"அக்கா, நீங்க மனசு கஷ்டப்படாதீங்க. தண்ணி இல்லாத வீட்டுல பச்ச ஒடம்புக்காரியை வச்சிக்கிட்டு என்னா செய்வீங்க? இங்க இருக்கட்டும். நான் பார்த்துக்கிறேன்."

"பார்ப்போம் சம்மந்தி. இன்னும் நாள் இருக்குதானே."

"எங்க ஊர்ல தண்ணிக்கா கஷ்டம்? கரண்டே தண்ணியில எடுக்கிற ஊரு."

அந்தம்மா அன்பாத்தான் சொன்னாங்க. அதுதான் கொடுமை. கெட்ட சம்மந்தியா இருந்தா நாலு வார்த்தை திட்டிட்டு மனசை ஆத்திக்கலாம். நல்லவங்களை என்னா செய்யிறது?

புஷ்பம் போனை வச்சிட்டுப் போய்க் குழாயைத் திறந்து திறந்து மூடுனா. எனக்குத் தெரியும் அவ எதை நெனைக்கிறான்னு. நாங்க பள்ளிக்கூடம் படிக்கும்போதே அவ அம்மா தவறிட்டாங்க. சுதா பொறந்தப்போ புஷ்பத்தைக் கவனிக்க ஆள் இல்ல. எங்க பக்கத்துல பிள்ளை பெத்தவளுக்கு முப்பது நாளும் வெந்நீர் ஊத்துவாங்க. யூக்கலிப்டஸ் இலை போட்டுக் கொதிக்க வச்சு, கை பொறுக்குற சூட்டுல, இடுப்புலயும் முதுகுலயும் அண்டா அண்டாவா ஊத்தணும். அதைத் தாய்தான் ஊத்தணும். இவ தானே வெறகு பொறுக்கி, தானே தண்ணி தூக்கி, தானே ஊத்திக்கிட்டா. முன்பக்கம் ஊத்திக்கலாம். முதுகுக்கு எப்படி ஊத்திக்குவா? கை எட்டுன மட்டுந்தான்.

அதனால சுதா உண்டாயிருக்கான்னு தெரிஞ்ச நாள்லேருந்து ஒரே பேச்சு. "என் மகளுக்கு நான்தான் ஊத்துவேன் மேரி." பீலிக்கும் வீட்டுக்கும் நடுவுல பள்ளம், எறங்கி மறுபடியும் படியில ஏறணும், மழை நாள்ல வழுக்கும். அண்டா அண்டாவா எவ தூக்குவா? அவளுக்கு இடுப்பு வலி வேற. குழாய்ல தண்ணி வந்தா மக வருவா. வராட்டி வரமாட்டா. அவ்வளவுதான் கதை.

படிச்சது எதுக்கு

இந்த எடத்துல கொஞ்சம் வெலகிப் போறேன், கோவிக்காதீங்க.

போன மாசம் ஒரு பொண்ணு யூனிஃபோம் தைக்க வந்திச்சு. அளவெடுக்கிறப்போ கேட்டிச்சு, "ஆன்ட்டி, இந்தக் கணிதம் எல்லாம் படிச்சு என்னா செய்யப் போறோம்? போன்லயே கணக்கு இருக்குதானே." நான் ஒரு துணியை விரிச்சுப் போட்டு, "வாம்மா, ஒன் போனை வச்சு இதுல ஒரு குடைப்பாவாடை வெட்டு"ன்னேன். இடுப்புச் சுத்தளவுலேருந்து வட்டத்தோட ஆரை கண்டுபிடிக்கத் தெரியாட்டி துணி வீண்தான். பத்தாம் வகுப்புல அந்தக் கணக்குக்காக நான் முட்டிக்கால் போட்டிருக்கேன். இன்னைக்கு எனக்குச் சோறு போடுறது அதுதான்.

ரெண்டாம் மொழின்னு சிங்களம் படிப்பிச்சாங்க. அந்தப் பாடம் வந்தாலே எனக்குத் தலைவலி. அப்புறம் எங்க அப்பாவை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்போ, டாக்டர் எங்க நோவுதுன்னு கேக்க, நெஞ்சுலேருந்து எடது கைக்கு எறங்குதுன்னு சொல்ல எனக்கு வாய் வந்திச்சு. அந்த டீச்சரை அன்னைக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

வரலாற்றுப் பாடத்து ராசாக்கள் பேர் மட்டும் இதுவரைக்கும் எனக்கு ஒண்ணுக்கும் உதவல. என்னாலயும் அவங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல, அதனால சரி.

ஆட்டோவும் பெட்ரோலும்

சம்மந்தியம்மா போன் பண்ணுன அன்னைக்கு நான் செல்வராஜோட ஆட்டோவுல டவுனுக்குத் திரும்பினேன். செல்வராஜும் எங்க வகுப்புதான். கடைசி பெஞ்சு. இப்ப ராகலை ஸ்டாண்டுல ஓட்டுறான்.

வழியில அவன் கூட்டாளி ஒருத்தரோட ஆட்டோ பெட்ரோல் முடிஞ்சு நின்னுச்சு. செல்வராஜ் எறங்கி, தன்னோட டேங்குக்குள்ள ஒரு டியூப்பை விட்டு, மறுமுனையை வாயில வச்சு உறிஞ்சி, காறித் துப்பிட்டு, கீழ இருந்த போத்தல்ல விட்டான். பெட்ரோல் டேங்குக்குள்ளேருந்து டியூப்புல மேல ஏறி, வளைஞ்சு, கீழ எறங்கிப் போத்தல்ல விழுந்திச்சு. அவன் பாட்டுக்குப் பேசிக்கிட்டு நின்னான். அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருந்திச்சு.

நான் அதையே பார்த்துக்கிட்டிருந்தேன். மேல ஏறித்தானே கீழ வருது?

"செல்வராசு, இது எப்படி மேல ஏறுது?"

"இதென்னா கேள்வி? உறிஞ்சினா ஏறும்."

"நீ இப்ப உறிஞ்சல. ஆனாலும் ஏறுதே."

அவன் டியூப்பைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சான். "சயன்ஸ் சார்"ன்னான். "என் பல்லு."

நீலப் பல்லு

எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பிச்ச சார் அட்டன்லேருந்து வந்தவரு. நல்ல ஒசரம், குளிருக்குக் காதை மூடி மப்ளர் சுத்தியிருப்பாரு. பள்ளிக்கூடத்துல ஆய்வுகூடம்னு ஒரு அறை இருந்திச்சு, அதுல உடைஞ்ச கதிரை மேசைகளை அடுக்கி வச்சிருந்தாங்க. அதனால அவரு வீட்டுலேருந்து ரெண்டு ஜாம் போத்தலும், எங்கயோ கேட்டு வாங்குன சேலைன் டியூப்பும் கொண்டு வந்தாரு. தண்ணி தெரியணும்னு துணிக்குப் போடுற நீலத்தைக் கரைச்சு விட்டாரு.

செல்வராஜை உறிஞ்சச் சொன்னாரு. அவன் கொஞ்சம் அதிகமாவே உறிஞ்சிட்டான். அன்னைக்கு முழுக்க அவன் பல்லெல்லாம் நீலம். பொம்பளைப் புள்ளைங்க நாங்க சிரிச்ச சிரிப்புல சார் அந்தப் பாடத்தோட பேரைச் சொன்னது யார் காதுலயும் விழல. வளிமண்டல அமுக்கம்னு ஒரு வார்த்தை மட்டும் ஞாபகம் இருக்கு. பேர் போச்சு. நான் அதை இன்னும் யார்கிட்டயும் கேட்டுத் தெரிஞ்சிக்கல.

எனக்கு ஞாபகம் வந்தது வேற. தண்ணி நல்லா ஓடிக்கிட்டிருக்கும்போது சார் ஒரு ஊசி கேட்டாரு. என் பாவாடையில குத்தியிருந்த ஊக்கைக் கழட்டிக் குடுத்தேன். அவரு டியூப் வளையிற உச்சியில குத்தினாரு. அவ்வளவுதான். தண்ணி ரெண்டாப் பிரிஞ்சு, அந்தப் பக்கத்துத் தண்ணி அந்தப் பக்கமும் இந்தப் பக்கத்துத் தண்ணி இந்தப் பக்கமும் விழுந்திருச்சு.

"செல்வராசு, நாம பைப்புல ஓட்டை போட்டிருக்கோம்"ன்னேன்.

மத்த எடத்துல ஓட்டை சரிதான். அங்கெல்லாம் பீலிதான் ஒசரம், தண்ணி தானாத் தள்ளிக்கிட்டு வரும், காத்து வெளிய போனாப் போதும். இங்க மேடு பீலியைவிட ஒசரம். தள்ள ஆள் இல்ல. ஓட்டை வழியா காத்து வெளிய போகல, உள்ள வந்துக்கிட்டிருந்திச்சு. எங்க வைத்தியமே எங்களுக்கு நோயாப் போச்சு.

பாறை மேட்டுல

அடுத்த ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்ச கையோட மேல போனேன். செல்வராஜ் ராகலை ஹாட்வெயார் கடையிலேருந்து மூணு வாய் உள்ள ஒரு மூட்டு வாங்கிட்டு வந்திருந்தான். பழைய டயர் டியூப்பையும் பட்டை பட்டையா வெட்டிக் கொண்டு வந்தான். பூசாரி மாமா முதல்ல முனிக்கு ஒரு தேங்காய் ஒடைச்சாரு. "வேதக்காரப் புள்ளயும் கும்பிட்டுக்க"ன்னாரு. கும்பிட்டேன். தண்ணி விசயத்துல யாரையும் பகைச்சிக்கக் கூடாது.

ஓட்டைகளை எல்லாம் தேடித் தேடி ரப்பர் பட்டையால இறுக்கிக் கட்டுனோம். இவ்வளவு நீளப் பைப்பை வாயால உறிஞ்ச முடியாது, தண்ணி ஊத்தி நெரப்பத்தான் முடியும்; அதுக்காக மேட்டு உச்சியில பைப்பை வெட்டி மூட்டைப் பொருத்துனோம். பீலிக்கிட்ட இருக்கிற பைப்பு வாய்ல மரக்கட்டை அடைப்பு, வீட்டுப் பக்கம் குழாயை மூடியாச்சு. புது வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும் பீலியிலேருந்து கேனும் குடமுமா தண்ணி தூக்கிக்கிட்டு மேடேறி வந்தாங்க. அந்த மூட்டோட மேல் வாய்ல புனலை வச்சு ஊத்துனோம், ஊத்துனோம், பைப் குடிச்சிக்கிட்டே இருந்திச்சு. கடைசியில உள்ளேருந்து குமிழி வாரது நின்னு தண்ணி விளிம்பு வரைக்கும் வந்திச்சு. செல்வராஜ் மூடியைப் போட்டு இறுக்கினான்.

பீலிக்கிட்ட புஷ்பம், மேட்டுல நாங்க, வீட்டுல பக்கத்து வீட்டு ராணி. ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது, பனிமூட்டம். கொழுந்து மலையில கூப்பிடுற மாதிரி நான் 'கூ'ன்னு குரல் குடுத்தேன். புஷ்பம் அடைப்பை எடுத்தா. ராணி குழாயைத் திறந்தா.

"வருது வருது"ன்னு ராணி கத்துனா. எங்களுக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சிச்சு. கொஞ்ச நேரத்துல பைப்புக்குள்ள கொடகொடன்னு ஒரு சத்தம். "நின்னு போச்சு"ன்னா ராணி.

யாரும் யாரையும் பார்க்கல. செல்வராஜ் பாறையில உக்காந்துட்டான். தண்ணி தூக்குன பொம்பளைங்க வெறும் குடத்தை இடுப்புல வச்சிக்கிட்டு நின்னாங்க. எனக்கு அழுகை வந்திச்சு. இத்தனை பேரை மேடேத்தினது என் பேச்சுதானே. பூசாரி மாமா மட்டும், "முனிக்கு இதுவும் புடிக்கலையோ"ன்னு மெதுவாச் சொன்னாரு.

அப்பத்தான் கீழேருந்து புஷ்பம் ஏறி வந்தா. மூச்சு வாங்குது.

"மேரி, சார் யாரைப் போத்தல் புடிக்கச் சொன்னாரு?"

"எனக்கு ஞாபகம் இல்லடி."

"என்னையத்தான். கை வலிச்சிச்சுன்னு போத்தலைக் கொஞ்சம் சரிச்சேன். டியூப்பு வாய் தண்ணிக்கு வெளிய வந்திச்சு. ஓடுனது நின்னு போச்சு. 'குடிக்கிற வாய் முங்கியே இருக்கணும் புஷ்பம், அது காத்தைக் குடிக்கக் கூடாது'ன்னு சார் சொன்னாரு." கையைப் பீலிப் பக்கம் நீட்டுனா. "அங்க பைப்பு வாய் முங்கல. கொட்டுற தண்ணிக்கு நேரா சும்மா புடிச்சிருக்கோம். தண்ணியோட காத்தையும் சேர்த்துக் குடிக்குது."

இத்தனை வருசத்துல அந்தப் பாடம் எங்க மூணு பேர்கிட்டயும் துண்டு துண்டா இருந்திருக்கு. செல்வராஜுக்கு உறிஞ்சினது, எனக்கு ஊக்கு, அவளுக்குப் போத்தல். யார்கிட்டயும் முழுசா இல்ல. இருந்திருந்தா என்னைக்கோ தண்ணி வந்திருக்கும்.

பீலிக்கு அடியில ஒரு நீலப் பீப்பாவை வச்சு நெரம்ப விட்டோம். பைப்பு வாயை அதோட அடியில கல்லுக் கட்டி எறக்குனோம். மறுபடியும் குடம், மறுபடியும் மேடு, மறுபடியும் புனல்.

ராணி ஒண்ணும் கத்தல. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் குரல் வந்திச்சு. "அக்கா, பேசின் நெரம்பிருச்சு. மூடவா?"

"மூடாத"ன்னு எல்லாரும் சேர்ந்து சொன்னோம்.

நான் பீலிக்கு எறங்கி ஓடுனேன். புஷ்பம் பீப்பாவுக்குள்ள ரெண்டு கையையும் முழங்கை வரைக்கும் விட்டுப் பைப்பைப் புடிச்சிக்கிட்டிருந்தா. உதடெல்லாம் நீலம் பாஞ்சிருந்திச்சு, அப்படிக் குளிர். "விடுடி, கல்லு கட்டியிருக்குதானே"ன்னேன். "விட்டா நின்னுருமோன்னு பயமா இருக்கு"ன்னா. வெரல் வெரலா நான்தான் எடுத்து விட்டேன்.

பீலிக்கிட்ட போனுக்கு சிக்னல் இல்ல, மேட்டுலதான் கெடைக்கும். ஈரக் கையோட ஏறிப்போய் நோட்டன் பிரிட்ஜுக்குப் போன் போட்டா. "சம்மந்தி, தண்ணி வந்திருச்சு. புள்ளயை அனுப்புங்க." அந்தப் பக்கம் என்னா சொன்னாங்கன்னு கேக்கல. இவ போனைக் காதுல வச்சிக்கிட்டே தலையை மட்டும் ஆட்டிக்கிட்டிருந்தா.

கொஞ்ச நாள் கழிச்சு மாத்தயா வந்து பார்த்தாரு. குழாயைத் திறந்து பார்த்துட்டு, எங்க பள்ளிக்கூடத்துலயும் இதைச் செஞ்சு காட்டுனாங்க, பரீட்சைக்கு எழுதுனேன், அதோட மறந்தேன்னு சிரிச்சாரு. ரப்பர் பட்டை கட்டுன எடங்களை வெட்டிட்டு நல்ல பைப்பு போட்டுக் குடுத்தாரு. இன்னமும் அப்பப்போ உச்சியில காத்துச் சேரும். யாராவது ஏறிப்போய் மூடியைத் திறந்து நெரப்பிட்டு வரணும். அதுக்கு முறை வச்சிருக்காங்க.

முப்பது கழிச்ச அன்னைக்கு

சுதா வந்தா. நுவரெலியா ஆஸ்பத்திரியில பொம்பளைப் புள்ள பொறந்திச்சு. சம்மந்தியம்மா சீனியும் பேரீச்சம்பழமும் தூக்கிக்கிட்டு வந்து, குழாயைத் திறந்து மூடிப் பார்த்துட்டுத்தான் உக்காந்தாங்க.

தெனமும் வெந்நீர்தான். மிட்வைஃப் மிஸ் வந்து சூடு ரொம்பக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாங்க. புஷ்பம் முழங்கையை விட்டுப் பார்த்துப் பார்த்து ஊத்துனா. "போதும்மா"ன்னு சுதா சொல்லுவா. "சும்மா இருடி, இன்னும் ரெண்டு சொம்பு"ன்னு இவ சொல்லுவா.

முப்பது கழிச்ச அன்னைக்கு நானும் போயிருந்தேன். கடைசி வெந்நீர் ஊத்தி முடிஞ்சிச்சு. சுதா தலையைத் தொவட்டிட்டு வந்து, அண்டாவுல மிச்சம் இருந்த தண்ணியை எட்டிப் பார்த்தா.

"அம்மா, நான் பொறந்தப்போ ஒனக்கு யாரும்மா ஊத்துனா?"

"யாரு ஊத்துவா? நானே ஊத்திக்கிட்டேன்."

"முதுகுக்கு?"

புஷ்பம் புள்ளயோட துணியை எடுத்து மடிச்சா. மடிச்சதையே மறுபடியும் மடிச்சா.

சுதா மணைக்கட்டையை இழுத்துப் போட்டா. "உக்காரும்மா."

"ஒனக்கென்னா பைத்தியமாடி? எனக்கு எதுக்கு இப்ப? ஆன வயசுக்கு..."

"உக்காரு."

புஷ்பம் என்னைப் பார்த்தா. நான் மணைக்கட்டையைக் கண்ணால காட்டுனேன். சேலையை ஒதுக்கிக்கிட்டு, மக பக்கம் முதுகைக் காட்டி உக்காந்தா. கொழுந்துக் கூடை கயிறு போட்டுத் தேஞ்ச முதுகு அது. சுதா முழங்கையை விட்டுச் சூடு பார்த்தா. மெதுவா ஊத்துனா. ஒரு சொம்பு. அப்புறம் இன்னொரு சொம்பு. புஷ்பம் முகத்தை முழங்கால்ல வச்சிக்கிட்டா. தோள் மட்டும் குலுங்கிச்சு. நான் எதிர்பார்த்துக்கிட்டே நின்னேன், போதும்னு சொல்லுவான்னு. சொல்லல.

அண்டா காலியாச்சு. சுதா என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் அண்டாவைத் தூக்கிக்கிட்டுக் குழாய்க்குப் போனேன்.